எட்டுப் பேர், ஒரு படகு: சாரணர்கள் கடலடிக்குப் போன வரலாறு

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் தென்முனையோடு நிலம் முடிந்துவிடுகிறது, சாலை முடிவதில்லை. தீவுக்குத் தீவு பாலம் தாவி, நூறு மைலுக்கு மேல் கடலுக்குள் ஓடி, கீ வெஸ்ட் ஊரில்தான் அது நிற்கிறது. இந்தச் சாலையில் முகவரி கேட்டால் மைல்கல் எண்ணைத்தான் சொல்வார்கள். 73, 74 எண்களுக்கு நடுவே, லோயர் மாட்டகும்பே என்ற தீவில், ஒரு படகுத்துறையும் அதைச் சுற்றிச் சில கட்டடங்களும் இருக்கின்றன. கோடை விடுமுறை தொடங்கியதும் நாட்டின் நாலா பக்கமிருந்தும் சாரணர்கள் வேன்களில் வந்து இறங்குவது இங்கேதான். இடத்தின் பெயர் ஃபுளோரிடா சீ பேஸ். வருகிறவர்களில் ஒரு பகுதியினர் பாய்மரப் படகில் ஏறுவார்கள், ஒரு பகுதியினர் துடுப்புப் போடுவார்கள். இன்னொரு பகுதியினர் முதுகில் காற்றுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு பவளத்திட்டுகளுக்கு இறங்குவார்கள்.

ஸ்கூபா முக்குளிப்பு காசைத் தின்னும் விளையாட்டு. சிலிண்டர், ரெகுலேட்டர், மிதவைச் சட்டை, படகு, பயிற்றுநர், மருத்துவச் சான்று என்று எதைத் தொட்டாலும் செலவு. கார் கழுவியும் பாப்கார்ன் விற்றும் பயணச் செலவைத் தேற்றுகிற பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இது எப்படிக் கைக்கெட்டியது?

கொடையாளிகளின் தயவு ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், சாரணர் இயக்கத்தில் முன்பே வேரூன்றியிருந்த இரண்டு வழக்கங்கள். ஒன்று அணி, மற்றொன்று ஜோடி. இரண்டுமே ஸ்கூபா கருவி பிறப்பதற்கு முந்தியவை. அது பிறந்தபோது அதற்குத் தேவைப்பட்ட பாதுகாப்பும் இவற்றில் இருந்தது, செலவைப் பங்குபோடும் வழியும் இவற்றிலேயே இருந்தது.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்திலுள்ள பிரௌன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் நடத்திய சோதனை முகாமில் சுமார் 20 சிறுவர்கள் இருந்தார்கள். மாளிகை வீட்டுப் பிள்ளைகளையும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்தார் அவர். அணிக்கு ஒரு தலைவன்; அவனும் சிறுவனே. ஒரு பையன் மற்றவர்களின் முகத்தைப் பார்த்தே நிலைமையை அறிந்துகொள்ளும் அளவுக்குச் சிறிய கூட்டம். பின்னாளில் அணி என்றால் ஆறு முதல் எட்டுப் பேர் என்பது உலகெங்கும் சாரணர் வழக்கமாகிவிட்டது.

சிக்கனமும் ஆரம்பத்திலேயே சட்டமாக நுழைந்தது. 1910-இல் தொடங்கிய அமெரிக்கச் சாரணர் அமைப்பின் முதல் கையேடு 1911-இல் வந்தது. இரண்டாம் நிலைச் சாரணனாக வேண்டுமானால் குறைந்தது ஒரு டாலர் சம்பாதித்து வங்கியில் போட்டிருக்க வேண்டும், முதல் நிலைக்கு இரண்டு டாலர் என்று அதில் நிபந்தனை இருந்தது. அப்பா கொடுத்த பணம் கணக்கில் வராது. பையன் தானே ஈட்டியிருக்க வேண்டும். பிரிட்டனில் 1949-இல் இதே எண்ணம் ஒரு வாரத் திருவிழாவாக மாறியது. ஈஸ்டர் விடுமுறையில் சாரணர்கள் வீடுவீடாகப் போய்த் தோட்டம் கொத்தி, காலணிக்குப் பாலிஷ் போட்டு, வேலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கினார்கள். அமெரிக்காவில் 1980-க்குப் பிறகு பாப்கார்ன் டப்பாக்கள் அந்த இடத்தைப் பிடித்தன.

கடல் மட்டும் சிக்கனத்துக்கு வளைந்து கொடுக்கவில்லை. பேடன் பவலின் அண்ணன் வாரிங்டன் கடலோடி. கடற்சாரணர்களுக்கான கையேட்டை 1912-இல் எழுதியவர் அவர்தான். அதே ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று, லண்டனின் வால்வொர்த் பகுதியைச் சேர்ந்த சாரணர்களை ஏற்றிக்கொண்டு ஷெப்பி தீவின் லேஸ்டவுன் கடற்கரையை நெருங்கிய பாய்ப்படகு திடீர்ச் சூறைக்காற்றில் கவிழ்ந்தது. ஒன்பது சிறுவர்கள் இறந்தார்கள். அப்போது கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், உடல்களைத் தேம்ஸ் நதி வழியே லண்டனுக்குக் கொண்டுவர ஒரு போர்க்கப்பலை அனுப்பினார். தென் லண்டனே தெருவில் திரண்டு நின்றது. கூலிவேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகளை மலிவாகக் கடலுக்குக் கூட்டிப் போகலாம். ஆனால் கூட்டிப் போகும் ஏற்பாட்டில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்ற கேள்வி அன்றிலிருந்து சாரணர் தலைவர்களை விட்டு அகலவில்லை.

அமெரிக்காவில் 1911-ஆம் ஆண்டின் முதல் தகுதிச் சின்னங்களிலேயே நீச்சலும் உயிர்காத்தலும் இருந்தன. 1914-இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் உயிர்காக்கும் படையைத் தொடங்கிய வில்பர்ட் லாங்ஃபெல்லோ, நாட்டு மக்கள் ஒவ்வொருவரும் நீச்சல்காரராக வேண்டும், நீச்சல்காரர் ஒவ்வொருவரும் பிறரைக் காப்பாற்றத் தெரிந்தவராக வேண்டும் என்று ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். கோடை முகாம்களின் ஏரிக்கரைகளில் இந்தக் காலத்தில்தான் ஜோடி முறை உருவாகி வலுப்பட்டது. தண்ணீரில் இறங்கும் ஒவ்வொருவனுக்கும் அதே அளவு நீச்சல் தெரிந்த ஒரு ஜோடி உண்டு. இருவரும் தங்கள் பெயர் வில்லைகளைக் கரையில் உள்ள பலகையில் சேர்த்து மாட்ட வேண்டும். விசில் ஊதியதும் ஜோடிகள் கைகோத்து உயர்த்திக் காட்ட வேண்டும். கரையில் இருப்பவர் எண்ணிப் பார்ப்பார். ஒரு கை தனியாக நின்றால் எல்லாரும் வெளியே.

செலவில்லாத முறை. மரப்பலகை, ஆணி, விசில் போதும். காவலர் ஒருவருக்கு நாற்பது தலைகளை இமைக்காமல் பார்க்கும் வேலையை இருபது ஜோடிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. பிற்காலத்தில் மேற்பார்வை, உடல்நலச் சோதனை, பாதுகாப்பான நீர்ப்பரப்பு, மீட்புப் பணியாளர், கண்காணிப்பாளர், திறன்வாரிப் பிரிவு, ஜோடி, ஒழுங்கு என்று எட்டு அம்ச நீச்சல் விதியாக இது முறைப்படுத்தப்பட்டது. நீச்சல்காரன் என்ற தகுதிக்கான சோதனையும் நிலைபெற்றது. தலைக்கு மேல் ஆழமுள்ள நீரில் குதித்து, 75 கஜம் வலுவாக நீந்தி, 25 கஜம் மல்லாந்து நீந்தி, கடைசியில் அசையாமல் மிதந்து காட்ட வேண்டும். இன்றும் சீ பேஸில் வந்து இறங்கும் ஒவ்வொருவரும் முதலில் எழுதும் பரீட்சை நீரில்தான்.

இதெல்லாம் மேற்பரப்பு வரைக்குமான கதை. அடியில் போவதற்கான கதவு 1943-இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சில் திறந்தது. பெட்ரோல் தட்டுப்பாட்டால் அங்கே கார்கள் வாயுவில் ஓடிக்கொண்டிருந்தன. ஏர் லிக்கீட் நிறுவனத்தின் பொறியாளர் எமில் கான்யான் அதற்காக ஒரு வால்வை உருவாக்கியிருந்தார். எஞ்சின் கேட்கும் அளவுக்கு மட்டும் வாயுவை விடும் வால்வு அது. எஞ்சினின் இடத்தில் மனித நுரையீரலை வைத்தால் என்ன என்று கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் அவரும் யோசித்ததில் பிறந்தது அக்வாலங். மேலிருந்து குழாய் வேண்டாம், பம்பு அடிக்க ஆள் வேண்டாம், தாமிரத் தலைக்கவசம் வேண்டாம். நீந்தத் தெரிந்தவர் தன் காற்றைத் தானே சுமந்துகொண்டு போகலாம்.

1940-களின் இறுதியில் இந்தக் கருவி லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. கடையில் வாங்கி, கடலில் இறங்கிக் கற்றுக்கொண்டார்கள்.

அதில் இருந்த ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு மடங்கு காற்று செலவாகும். பயந்தவன் வேகமாக மூச்சு வாங்குவான், சிலிண்டர் இன்னும் சீக்கிரம் தீரும். தீர்ந்துவிட்டதே என்று மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரலில் இருக்கும் காற்று விரிந்து திசுவைக் கிழிக்கும். இதற்கு ஆழ்கடல் வேண்டியதில்லை, இரண்டு மீட்டர் நீச்சல்குளமே போதும். அன்றைய கருவிகள் பலவற்றில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் அளவுமானி கிடையாது. மூச்சு இறுகத் தொடங்கியதும் முதுகுப்புறத்துக் கம்பியை இழுத்தால் சேமிப்புக் காற்று கொஞ்சம் வரும். அதுவும் தீர்ந்தால் பக்கத்தில் இருப்பவரின் வாய்க்குழாயை வாங்கி இரண்டு மூச்சு இழுத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரே குழாயில் இரண்டு உயிர் மாறிமாறி மேலே வரும். கூடுதலாக ஒரு வாய்க்குழாயைத் தொங்கவிட்டுக்கொள்ளும் வழக்கம் 1970-களில்தான் பரவியது. ஆக, ஏரிக்கரையில் ஒருவனை மற்றவன் பார்த்துக்கொள்ளச் சொன்ன ஜோடி முறை, கடலடியில் ஒருவனின் மூச்சே மற்றவனிடம் இருக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

முறையான பயிற்சி கலிபோர்னியாவில் பிறந்தது. ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் கான்ராட் லிம்பா விஞ்ஞானிகளுக்காக வகுத்த பயிற்சியைக் கற்றுக்கொண்டு, 1950-களின் நடுவில் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டப் பூங்காத் துறை பொதுமக்களுக்கான பாடத்திட்டத்தைத் தொடங்கியது. அல் டில்மன், பெவ் மார்கன் ஆகியோர் அதன் முன்னோடிகள். 1958-இல் லாயிட் பிரிட்ஜஸ் நடித்த ‘சீ ஹன்ட்’ தொலைக்காட்சித் தொடர் வந்ததும் நாட்டில் பாதிப் பையன்களுக்குக் கடலடி ஆசை பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே ஒய்.எம்.சி.ஏ. நாடளாவிய ஸ்கூபாப் பயிற்சியை அறிவித்தது. 1960-இல் நாவி, 1966-இல் பாடி என்று பயிற்சி அமைப்புகள் வரிசையாக உருவாயின.

இவற்றில் ஒய்.எம்.சி.ஏ.வின் வருகை சாரணர்களின் கணக்கில் முக்கியமானது. 1910-இல் அமெரிக்கச் சாரணர் அமைப்பு தள்ளாடி எழுந்தபோது கைகொடுத்ததே அந்தச் சங்கம்தான். கடலையே கண்டிராத உள்நாட்டு ஊர்களிலும் அதற்கு மூடிய நீச்சல்குளங்கள் இருந்தன. ஸ்கூபாப் பயிற்சியில் பெரும்பகுதி கடலில் நடப்பதல்ல. வகுப்பறையிலும் குளத்திலும் நடப்பது. முகமூடியில் நீரை நிரப்பி ஊதி வெளியேற்றுவது, கழன்ற ரெகுலேட்டரைத் தேடி எடுப்பது, காற்றில்லை என்று சைகை காட்டி ஜோடியிடமிருந்து வாங்குவது எல்லாம் அங்கேதான். கடைசியில் நான்கு முறை திறந்த நீரில் இறங்கிக் காட்டினால் சான்று கிடைக்கும். குளிர்காலத்தில் சொந்த ஊரில் குளப்பயிற்சி, கோடையில் கடலில் அந்த நான்கு இறக்கம் என்று வேலையை இரண்டாகப் பிரிக்க முடிந்ததால், விடுதியில் தங்கிச் செலவழிக்கும் நாட்கள் குறைந்தன. குளத்தில் முடித்ததற்கான தாளை எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போய் மீதியை முடிக்கலாம்.

பயிற்சி அமைப்புகள் வகுத்த எண்களும் சாரணர்களுக்குத் தோதாக அமைந்தன. பாடி அமைப்பின் விதிப்படி தொடக்கநிலைப் பயிற்சியில் கடலில் ஒரு பயிற்றுநருக்கு எட்டு மாணவர்கள் வரை. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள் இருந்தால் நான்கு பேருக்கு மேல் கூடாது. பிரௌன்சீ தீவு மரபில் வந்த முழு அணி ஒன்று, நான்கு ஜோடிகளாக, ஒரே பயிற்றுநரின் பொறுப்பில் அடங்கிவிடுகிறது.

இனி இடத்தின் கதை. ஃபுளோரிடா கீஸ் தீவுகள் நெடுங்காலம் படகில் மட்டுமே போகக்கூடிய ஊர்களாக இருந்தன. எண்ணெய்ச் செல்வந்தர் ஹென்றி ஃபிளாக்லர் கடலுக்கு மேல் போட்ட ரயில்பாதை 1912 ஜனவரியில் கீ வெஸ்டை எட்டியது. 23 ஆண்டுதான் ஓடியது. 1935 செப்டம்பர் 2 அன்று, தொழிலாளர் தின விடுமுறையில் வந்த சூறாவளி மாட்டகும்பே தீவுகளைத் துடைத்துவிட்டது. அங்கே சாலைப் பாலம் கட்டிக்கொண்டிருந்த முதல் உலகப் போர் வீரர்களின் முகாம்கள் போன இடம் தெரியவில்லை. அவர்களை மீட்க வந்த ரயிலையே அலை புரட்டிப்போட்டது. இறந்தவர்கள் 400-க்கும் மேல். ரயில் நிறுவனம் பாதையைக் கைவிட, மாநில அரசு பாலங்களையும் நிலத்தையும் 6,40,000 டாலருக்கு வாங்கி, அவற்றின் மேலேயே சாலை போட்டு 1938-இல் திறந்தது. போட்ட காசை எடுக்கச் சுங்கம் வைத்தார்கள். சுங்கச்சாவடிகளில் ஒன்று லோயர் மாட்டகும்பேயில் நின்றது. 1942-இல் கடற்படை பெருநிலத்திலிருந்து குடிநீர்க் குழாய் கொண்டுவந்தது. 1954-இல் சுங்கம் எடுக்கப்பட்டது. தண்ணீரும் வந்து சுங்கமும் போனதும் சாலையோரமெங்கும் சிறு விடுதிகள் முளைத்தன.

தீவுகளுக்குக் கிழக்கிலும் தெற்கிலும், கரையிலிருந்து சில மைல் தொலைவில், பவளத்திட்டு வரிசை ஓடுகிறது. கப்பல்களுக்கு அது எமன். 1733-இல் ஹவானாவிலிருந்து புறப்பட்ட ஸ்பானிய வெள்ளிக் கப்பல்கள் இங்கே சிதறின. 1744-இல் மோதிய லூ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர் லூ கீ திட்டுக்கு நிலைத்துவிட்டது. முக்குளிப்பவர்களுக்கு அதே திட்டு வரம். பல இடங்களில் பவளம் பத்து மீட்டருக்கும் குறைவான ஆழத்திலேயே இருக்கிறது. தொடக்கநிலைக்காரரின் 18 மீட்டர் எல்லையைத் தொடவே வேண்டாம். ஆழம் குறைவானால் காற்று அதிக நேரம் வரும், வெளிச்சம் கிடைக்கும், ஆபத்தும் குறையும். 1960-இல் கீ லார்கோவுக்கு எதிரே ஜான் பென்னிகேம்ப் பூங்கா அமைந்தது. அமெரிக்காவின் முதல் கடலடிப் பூங்கா அது. படகுகள் நங்கூரத்தைப் பவளத்தின் மேல் போடுவதைத் தடுக்க ஜான் ஹேலஸ் என்ற ஆய்வாளர் 1981-இல் நிலையான மிதவைகளைப் பொருத்தினார். முதலில் வருபவர் கட்டிக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. திட்டைப் பார்க்க நுழைவுச்சீட்டும் இல்லை. இந்தப் பயணத்தில் காசில்லாமல் கிடைப்பது இது ஒன்றுதான்.

சாரணர் அமைப்புக்கு மலையில் ஏற்கெனவே ஒரு முன்மாதிரி இருந்தது. எண்ணெய் வணிகர் வெயிட் பிலிப்ஸ் 1938-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 35,857 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தார். மூன்று ஆண்டு கழித்து மேலும் பெரிய பரப்பைச் சேர்த்தார். கூடவே டல்சா நகரில் தன் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றையும் கொடுத்தார். நிலத்தை வைத்துக்கொள்ளச் செலவாகுமே, அதற்கு வாடகை வருமானம். ஃபில்மான்ட் என்ற அந்த மலை முகாமில் தங்குமிடம், வழிகாட்டி, உணவு எல்லாம் மொத்தமாக அமைக்கப்பட்டு, வரும் குழுக்கள் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டின. கடலுக்கும் அப்படியொன்று வேண்டும் என்ற எண்ணம் 1970-களில் எழுந்தது. முதலில் சொந்த இடமின்றி, வாடகைப் படகுகளை வைத்து ஃபுளோரிடாவில் பயணங்கள் நடந்தன. அந்தப் பத்தாண்டின் முடிவில், லோயர் மாட்டகும்பேயில் டோல் கேட் இன் என்ற பழைய சாலையோர விடுதி, படகுத்துறையோடு விலைக்கு வந்தது. சுங்கச்சாவடியின் பெயரைத் தாங்கி நின்ற அந்த விடுதியை நன்கொடைப் பணத்தில் வாங்கினார்கள். சீ பேஸின் கரு அதுதான்.

புதிதாகக் கட்டாமல் பழைய விடுதியை வாங்கியதில் துறை, அறைகள், சமையற்கூடம் மூன்றும் ஒரே விலையில் கிடைத்தன. மரச்சாமான் மெருகுப் பொருள்களால் பெயர் பெற்ற ஹோமர் ஃபார்ம்பி, 1980-களின் தொடக்கத்தில் பிக் மன்சன் தீவைக் கொடையாகத் தந்தார். அங்கே குடிநீரும் இல்லை, மின்சாரமும் இல்லை. சிறுத்த உடலுள்ள கீ மான்கள் மட்டும் திரிகின்றன. சாரணர்கள் தண்ணீர்க் கேன்களையும் கூடாரத்தையும் நீள்தோணியில் ஏற்றித் துடுப்புப் போட்டே போய்ச் சேர்கிறார்கள். வசதியே இல்லாத இடத்துக்குச் செலவும் இல்லை. பையன்களுக்கு அதுதான் பெரிய சாகசம். முகாம்களில் வேலை செய்பவர்களில் கணிசமானோர் கோடைக்கு மட்டும் வரும் இளைஞர்கள்.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் ஒவ்வொரு ஊரின் சாரணர் படையும் தன் கணக்கைத் தானே போட வேண்டியிருக்கிறது. திட்டமிடல் ஓராண்டுக்கும் முன்பே தொடங்கும். வேன் வாடகை, படகு, எரிபொருள், பயிற்றுநர் கூலி ஆகியவை நான்கு பேர் போனாலும் எட்டுப் பேர் போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே ஆள் சேரச் சேரத் தலைச்செலவு குறையும். ஆனால் அமெரிக்கக் கடற்சட்டப்படி, கடலோரக் காவல்படையின் ஆய்வுச் சான்று இல்லாத சிறு வாடகைப் படகில் கட்டணப் பயணிகள் ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது. ஏழாவது ஆள் சேர்ந்தால் வேறு வகைப் படகு, வேறு விலை. முன்பணம் கட்டிய பின் ஒரு பையன் விலகினால் அவன் பங்கு மற்றவர்கள் தலையில் விழும். அதனால் முதலில் கேட்கப்படும் உறுதிமொழி பெற்றோரிடமிருந்துதான்.

வழியில் தங்குவதற்கும் பழகிய தடங்கள் உண்டு. தேவாலயக் கூடத்தின் தரையில் படுக்கை விரிப்பது ஒன்று; அருங்காட்சியகமாக நிற்கும் போர்க்கப்பல்களில் தூங்குவது இன்னொன்று. தென் கரோலினாவின் யார்க்டவுன், அலபாமாவின் மொபைல் நகரில் நிற்கும் அலபாமா போன்ற கப்பல்களில் மாலுமிகளின் அடுக்குக் கட்டில்களில் இளைஞர் குழுக்கள் இரவு தங்கலாம். அலபாமா கப்பலுக்கு இதில் ஒரு பழைய தொடர்பும் உண்டு. 1960-களில் அதை உடைக்க விடாமல் மீட்டுக் கொண்டுவந்தபோது, மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகள் சில்லறைக் காசாகவே ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் சேர்த்துக் கொடுத்தார்கள்.

பங்கு போட முடியாத செலவுகளும் உண்டு. ரெகுலேட்டர் தலைக்கு ஒன்று. முகமூடி முகத்துக்குப் பொருந்தியாக வேண்டும். இரவல் வாங்கியது கசிந்தால் முதல் இறக்கமே வீண். அதனால் முகமூடியையும் மூச்சுக்குழலையும் சொந்தமாக வாங்கி, கனமான கருவிகளை வாடகைக்கு எடுப்பதே பெரும்பாலான குழுக்களின் வழக்கம். விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு நாள் கூடுதல் செலவு கட்டாயம். கடைசி இறக்கத்துக்கும் விமானத்துக்கும் இடையே, ஒரே ஒரு முறை இறங்கியவருக்கு 12 மணி நேரமும், பல நாள் இறங்கியவருக்கு 18 மணி நேரமும் வேண்டும் என்கின்றன முக்குளிப்புப் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் வெளியிட்ட பரிந்துரைகள். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம் ஆகும். மலிவான அதிகாலை டிக்கெட் இங்கே உதவாது.

மருத்துவப் படிவத்தில் யாருக்கும் சலுகை இல்லை. ஆஸ்துமா, வலிப்பு, காது அறுவைச் சிகிச்சை என எதையும் மறைக்கக் கூடாது. பல குழுக்களில் இந்தப் படிவத்தில் தடுமாறுவது பையன்களைவிடக் கூடவரும் பெரியவர்கள்தான். முக்குளிப்பு மரணங்களில், வயது ஏறிய ஆட்களிடம், இதயக் கோளாறுக்குப் பெரும் பங்கு இருப்பதை டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. குறைந்தது இரண்டு பெரியவர்கள் இல்லாமல் சாரணர் பயணம் கிளம்பாது என்பதால், ஒரு அப்பாவின் ரத்த அழுத்தம் மொத்தக் குழுவின் திட்டத்தையே மாற்றிவிடலாம்.

இப்படிக் கறாராக இருந்ததால்தான் ஸ்கூபா நெடுங்காலம் பெரும்பாலும் வயதில் மூத்த இளைஞர்களுக்கும் சீ பேஸ் போன்ற இடங்களுக்குமே உரியதாக இருந்தது. சான்று பெற்றவரோ, பயிற்றுநரின் நேரடிக் கண்காணிப்பில் கற்பவரோ தவிர வேறு யாரும் சாரணர் நிகழ்ச்சியில் ஸ்கூபா கருவியைத் தொடக் கூடாது என்பது இன்றும் விதி. 2009-இல்தான் ஸ்கூபாவுக்கென்று தனித் தகுதிச் சின்னம் வந்தது. முதலில் நீச்சல் சின்னம் வாங்கியிருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற அமைப்பின் முழுச் சான்று வேண்டும். கடலடிச் சூழலைப் பற்றிச் சொல்லத் தெரிய வேண்டும். சாரணர் அமைப்பு தனக்கென மலிவான ஒரு குறுக்குப் பயிற்சியை உருவாக்காமல், வெளியே எல்லாருக்கும் உள்ள அளவுகோலையே எடுத்துக்கொண்டது. 2019 முதல் பெண் பிள்ளைகளும் இந்தச் சின்னத்துக்கு முயல்கிறார்கள்.

வாய்ப்பு இப்படி விரிந்த அதே ஆண்டுகளில் பார்க்கப் போன பொருள் சுருங்கிக்கொண்டே வந்தது. டோல் கேட் விடுதியை வாங்கிய நாட்களில் கீஸ் திட்டுகளில் மான்கொம்புப் பவளமும் கடமான்கொம்புப் பவளமும் புதர்புதராக நின்றன. வெண்பட்டை நோய் அவற்றைத் தின்றது. பாசியை மேய்ந்து திட்டைச் சுத்தமாக வைத்திருந்த கருநிறக் கடல் முள்ளெலிகள் 1983, 84-இல் கரீபியன் முழுவதும் கொத்துக்கொத்தாக மடிந்தன. 2006-இல் அந்த இரண்டு பவள இனங்களும் அழிவை நோக்கும் உயிர்களின் சட்டப்பட்டியலில் ஏறின. 2014-இல் மயாமி அருகே புதிய திசுச் சிதைவு நோய் தோன்றிப் பரவியது. 2023 கோடையில் கடல் அளவுக்கு மீறிச் சூடேறியபோது, ஆய்வாளர்கள் நாற்றங்கால் பவளங்களை அள்ளிக்கொண்டு கரையிலுள்ள தொட்டிகளுக்கு ஓடினார்கள்.

2019-இல் அமெரிக்கக் கடல் வளிமண்டல நிர்வாகம் மீட்டெடுக்கத் தேர்ந்த ஏழு திட்டுகளில் லூ கீயும், ஐலமொராடா ஊருக்கு எதிரே உள்ள சீக்கா ராக்ஸும், பிக் மன்சன் தீவையொட்டிய நியூஃபவுண்ட் ஹார்பரும் இருக்கின்றன. சராசரியாக 2 சதவீதமாகிவிட்ட பவளப் பரப்பை 25 சதவீதத்துக்கு உயர்த்துவது இலக்கு. நட வேண்டிய துண்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் விஞ்ஞானிகள் மட்டும் முடிக்கிற வேலை அல்ல. 2001 முதல் ஃபுளோரிடாவில் 12 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு ஆய்வு முக்குளிப்பு கற்றுத்தரும் ஸ்கூபானாட்ஸ் போன்ற அமைப்புகள், மோட் கடல் ஆய்வகத்தோடு சேர்ந்து லூ கீயில் பவளம் நட்டிருக்கின்றன. சாரணர் படைகள் தங்கள் பட்ஜெட் தாளில் இப்போது சேர்க்க வேண்டிய புதிய வரி இது: வெறுமனே பார்த்துவிட்டு வரும் நான்கு இறக்கங்களுக்கு மேல், மிதப்பைக் கட்டுப்படுத்திப் பவளத்தில் கால் படாமல் நின்று வேலை செய்யும் அளவுக்குக் கூடுதலாகச் சில மணி நேரக் குளப்பயிற்சி. ஊர் நீச்சல்குளத்தில், குளிர்காலத்தில், எட்டுப் பேர் பங்குபோட்டால் அது தாங்கக்கூடிய செலவுதான்.